ஓடுகிறவருக்குக் குளத்தில் ஏன் மூச்சு வாங்குகிறது?

பத்து கிலோமீட்டரை அலட்டாமல் ஓடி முடிக்கிறவர், முதல் நாள் நீச்சல் குளத்தில் 25 மீட்டர் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு திணறுவார். பக்கத்துத் தடத்தில் தொப்பை வைத்த பெரியவர் ஒருவர் நிற்காமல் போய்வந்துகொண்டிருப்பார். ஓட்டக்காரரின் இதயத்தில் குறையில்லை. ஊடகம்தான் மாறிவிட்டது.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. 1500 மீட்டரை ஓடிக் கடந்த ஆண்கள் உலக சாதனை 3 நிமிடம் 26 விநாடி. 1998இல் ரோமில் ஓட்ட வீரர் எல் கெரூஜ் படைத்தது. அதே தூரத்தை நீந்திக் கடக்க, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாபி ஃபிங்கிற்கு 14 நிமிடம் 30.67 விநாடி ஆனது. நான்கு மடங்குக்கும் மேல். 400 மீட்டர் நீச்சலை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஈடாகச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான்.

நீரில் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் செலவாகும். அதனால் ஓட்டக்காரருக்குப் பழகிப்போன ‘இன்னும் கொஞ்சம் முக்கிப் பார்ப்போம்’ இங்கே எடுபடாது. போதாததற்கு அவருடைய கால்களே அவருக்கு எதிரி. நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கிறது. தசை திரண்ட கால்கள் தாழ்கின்றன. சாய்ந்த உடம்பு தண்ணீரைக் கிழித்துப் போகாமல் முட்டித் தள்ளுகிறது. ஓடும்போது ஸ்பிரிங் போல உதவிய இறுக்கமான கணுக்கால், இங்கே துடுப்பாக நீள மறுக்கிறது. பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைக்கச் சொன்னால் சிலர் பின்னோக்கியே போவார்கள். அந்த வீண் உதையில் பெரிய தொடைத் தசைகள் ஆக்சிஜனை விழுங்கித் தீர்க்கின்றன.

மூச்சு இன்னொரு சிக்கல். புதியவர் முகம் நீரில் இருக்கும்போது மூச்சை அடக்கிவைக்கிறார். திணறலைத் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு இல்லை, உள்ளே சேரும் கரியமில வாயு. நீருக்குள்ளேயே நிதானமாகக் குமிழி விட்டு, தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டும் செய்தால் பாதித் தவிப்பு போய்விடும். முதல் மாதம் தூரத்தை மறந்துவிட்டு இதையும் உடம்பைக் கிடையாக வைப்பதையும் ஒரு கோச்சிடம் கற்றுக்கொள்வதே லாபம் என்பேன்.

அதன்பிறகுதான் பயிற்சி. ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நீரில் அந்த அடி இல்லை. படுத்த நிலையும் நீரின் அழுத்தமும் கால்களிலிருந்து ரத்தத்தை மார்புக்குத் திருப்புவதால், இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தை இறைக்கிறது. துடிப்பு எண்ணிக்கை நிமிடத்துக்குப் பத்து வரை குறையலாம். ஓட்டத்துக்கு வைத்த துடிப்பு இலக்கைக் கைக்கடிகாரத்தில் துரத்த வேண்டாம்.

நீந்தினால் ஓட்ட வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஓட்டத் தசைகள் ஓடித்தான் தேறும். எலும்பு வலுப்பட அந்த அடியும் வேண்டும். நீச்சல் அதைத் தராது. வாரத்தில் ஒன்றிரண்டு இலகு ஓட்டங்களுக்குப் பதிலாகக் குளம் என்பது சரியான அளவு. வியர்வை காயாத சென்னை மே மாதத்தில் இது பெரிய வரம். ஆனால் குளத்து நீர் சூடாக இருக்கக் கூடாது. போட்டிக் குளங்களுக்கு விதித்திருப்பது 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பான குளத்தில் வேகமாக நீந்தினால் அங்கேயும் உடம்பு சூடேறும்.

25 மீட்டர், அரை நிமிட ஓய்வு, மறுபடி 25. மொத்தம் 400 தொடக்கத்துக்குப் போதும். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் மட்டும் உதையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாதத்தை நீட்டியே வைத்திருப்பதால் களைத்த கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். இழுத்தால் சுவருக்கு வந்து, கால்விரல்களை முழங்காலை நோக்கி மடக்கிப் பிடியுங்கள், விட்டுவிடும்.