மதகடிப்பட்டு மண்ணுக்கு வர்ணம் பூசுவது யார்?

மதகடிப்பட்டு! பெயரைப் பிரித்துப் பார்த்தாலே ஊரின் பூர்வீகம் தெரிந்துவிடுகிறது. மதகின் அடியில் அமைந்த பட்டு. ஏரித் தண்ணீரை நம்பி எழுந்த ஊர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் உள்ள இவ்வூரில் சோழர் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். பொறியியல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் கூட வந்துவிட்டன. கல்லூரி வந்தால் கடை வரும்; கடை வந்தால் மனை வரும். நெல் விளைந்த வயலில் எல்லைக் கல் முளைக்கும்.

எந்த வயல் வயலாகவே நிற்பது? எந்த வயல் வீட்டு மனையாவது? இதை முடிவு செய்வது ஒரு வரைபடம். மஞ்சள் பூசினால் குடியிருப்பு. ஊதா பூசினால் தொழிற்சாலை. பச்சை பூசினால் விவசாயம். வர்ணம் மாறினால் நிலத்தின் விலை மாறுகிறது. அந்த நிலத்தில் நாற்று நடுகிறவர்களின் பிழைப்பும் மாறுகிறது.

ஆட்சேபனை உண்டா?

புதுச்சேரி நகர, கிராமத் திட்டச் சட்டம் 1969-இல் பிறந்தது. திட்டத்தின் நகலை முதலில் ஜனங்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான்!

ஆனால், வரைபடத்தில் தம் காணியைக் கண்டுபிடிப்பது லேசான காரியமா? புதுச்சேரிப் பத்திரங்களில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதாஸ்தர் நெம்பர் ஒன்று இருக்கும். மறு சர்வே நெம்பர் வேறொன்று இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிப்பதற்குள் மனுக் கொடுக்கும் கெடுவே தாண்டிவிடலாம். சொந்தக் காணி இல்லாத கூலிக்காரர்களோ, தங்களுக்கும் இதில் பேச்சு உண்டு என்றே நினைப்பதில்லை.

கீழூரில் நடந்த ஓட்டு

மதகடிப்பட்டுக்கு வெகுதூரம் இல்லாத கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று ஓர் அதிசயம் நடந்தது. பிரெஞ்சிந்தியாவின் சட்டசபையிலும் கொம்யூன்களிலும் தேர்தலில் வென்ற 178 பேர் அங்கே கூடினார்கள். இந்தியாவுடன் சேரலாமா என்பது கேள்வி. 170 பேர் ‘சேரலாம்’ என்று ஓட்டுப் போட்டார்கள். ஒரு நாட்டின் தலைவிதியையே கிராமத்துப் பிரதிநிதிகள் கீழூரில் தீர்த்து வைத்தார்கள்!

அப்பேர்ப்பட்ட மண்ணில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் பஞ்சாயத்துத் தேர்தலே நடக்கவில்லை. 2006-இல் நடந்தது. அப்படித் தேர்ந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் நின்று போயிற்று. ஊருக்காக வரைபடத்தை வாங்கிப் பார்த்து, “ஐயா, இது வாய்க்கால், இதில் மஞ்சள் பூசாதீர்கள்” என்று உரிமையோடு சொல்ல, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆள் வேண்டாமா?

சேதராப்பட்டின் பாடம்

கேட்காமல் போட்ட கணக்கு என்ன ஆகும் என்பதற்கு வில்லியனூர்க் கொம்யூனிலேயே சேதராப்பட்டு இருக்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப் போகிறது, வேலை கிடைக்கும் என்று சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் எண்ணூறு ஏக்கர் அளவுக்கு நிலம் எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை. ஆண்டுக் கணக்கில் நிலம் சும்மா கிடந்தது. உழுதவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

எலியைக் கொளுத்திய திட்டக்காரர்

ஜனங்களைத் தேடிப் போன திட்டக்காரர்களும் உண்டு. பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் சென்னையில் நகர அமைப்புக் கண்காட்சி நடத்தினார். பிறகு இந்தூர் நகரில் பிளேக் நோய்க்கு மருந்து தேடினார். அவர் செய்த வேடிக்கையைக் கேளுங்கள். தீபாவளி ஊர்வலம் எந்தத் தெரு அதிகம் சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். தெருவுக்குத் தெரு போட்டி! வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. பிளேக் எலியின் பொம்மையைச் சுமந்து சென்று கொளுத்தினார்கள். உத்தரவு போட்டு முடியாததை ஊர்வலம் முடித்தது.

புதுச்சேரியிலும் இதற்கு ஒப்பான முயற்சி இல்லாமல் இல்லை. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 84 ஏரிகளைச் சீர்திருத்தும் வேலை ஆரம்பமாயிற்று. ஏரிப் பாசனக்காரர்கள் சங்கம் அமைத்துக் கொண்டார்கள். வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் புரளும் என்பது தினம் கரையில் நடப்பவர்களுக்குத் தெரியாதா?

அந்த விவரம்தான் வரைபடத்தில் ஏற வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே புதுச்சேரிக் கிராமங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் மாறி மாறிக் கிடக்கின்றன. வரைபடம் எல்லையில் நின்றுவிடும், தண்ணீர் நிற்குமா?

எனவே மனு எழுதுகிறவர்கள் சொந்த மனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சந்தைக்கு வரும் மாடுகள் நிற்கும் இடம், சுடுகாட்டுப் பாதை, மேய்ச்சல் தரை, ஏரியின் கலங்கல், மதகிலிருந்து கடைசி வயல் வரை ஓடும் வாய்க்கால், பக்கத்து மாநிலத்திலிருந்து இறங்கும் ஓடை — இவற்றைச் சர்வே நெம்பரோடு குறித்துக் கொடுக்கலாம். தனி ஆளாகக் கொடுப்பதைவிட ஊரோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்வது நல்லது.