திராட்சைத் தோட்டத்து வழியே சைக்கிள்: காசு எதற்குப் போகிறது?

மிதிப்பது நாம், வியர்ப்பது நமக்கு. அதற்கு ஒரு வாரத்துக்கு லட்சக்கணக்கில் ரூபாயை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிரான்சின் திராட்சை நாட்டில் வழிகாட்டியோடு போகும் சைக்கிள் சுற்றுலாவைப் பற்றித் திண்டுக்கல் பக்கத்துச் சாணார்பட்டி டீக்கடையில் சொன்னால் முதலில் சிரிப்புதான் கிளம்பும். இங்கே சைக்கிள் என்பது பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுப்பது. கையில் நாலு காசு புரண்டதும் டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு மாறிவிடுகிறோம். ஆனாலும் அந்தச் சுற்றுலா எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அங்கே காட்டப்படும் சரக்கில் பெரும்பகுதி திண்டுக்கல் சுற்றுவட்டாரத்திலேயே கிடக்கிறது.

பர்கண்டியை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் கிழக்கில், ஒயினுக்குப் பேர்போன சீமை. அங்கே போன் என்கிற பழைய மதில் நகரத்திலிருந்து சாந்த்னே என்ற ஊர் வரை சுமார் 22 கிலோமீட்டருக்குத் திராட்சைத் தோட்டங்களுக்குள்ளேயே ஒரு சைக்கிள் பாதை போகிறது. வழியில் பொமார், வொல்னே, மெர்சோ என்று வரிசையாக ஊர்கள். முதல் இரண்டும் சிவப்பு ஒயினுக்கு, மூன்றாவது வெள்ளைக்கு. பாதையில் முக்கால்வாசி, தோட்டக்காரர்கள் டிராக்டர் ஓட்டுவதற்காக வைத்திருக்கும் தடம்தான். தெற்கே ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை இன்னொரு பாதை. ரயில் நின்றுபோன தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு 1997இல் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். ரயில் ஓடிய தடம் என்பதால் செங்குத்து ஏற்றம் கிடையாது. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று ஷாரொலே மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஒரு நாளைக்கு 40, 50 கிலோமீட்டர், அவ்வளவுதான். காலையில் அறைக்கு வெளியே பெட்டியை வைத்துவிட்டால் சாயங்காலம் அடுத்த ஊர் விடுதியில் அது நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு வழிகாட்டி முன்னால் மிதிப்பார். இன்னொருவர் டியூப், செயின், தண்ணீர், பழம் எல்லாவற்றையும் வேனில் போட்டுக்கொண்டு பின்னால் வருவார். முடியாதவர் வேனில் ஏறிக்கொள்ளலாம், யாரும் கேலி பேசமாட்டார்கள். முட்டிவலிக்காரருக்குப் பேட்டரி சைக்கிள் உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி அதன் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவியை நிறுத்திவிட வேண்டும்.

இதற்கெல்லாம் செலவு உண்டு, சரி. ஆனால் வேனையும் விடுதியையும் நாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம். பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்து, சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கச் சாமானும் வைத்திருக்கும் விடுதிகளுக்கு ‘அக்கேய் வேலோ’ என்று அந்நாட்டில் முத்திரையே கொடுக்கிறார்கள். பெட்டியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் போனால் செலவு நிறையவே குறையும். பிறகு எதற்கு வழிகாட்டி? கதவு திறக்க. பர்கண்டியில் ஒயின் செய்பவர்களில் பலர் சின்னக் குடும்பங்கள். போர்டு மாட்டிக் கடை விரிக்கமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லாமல் போய் நின்றால் கதவு திறப்பது சந்தேகம். வருஷக்கணக்காகப் பழகிய வழிகாட்டி முன்கூட்டிப் பேசி வைத்திருப்பார். அவரோடு போனால் நிலவறைக்குள் கூட்டிப்போய், பீப்பாயிலிருந்தே எடுத்து ஊற்றிக் காட்டுவார்கள். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு அங்கேயே பாத்திரம் இருக்கும், துப்பினால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. என் கணக்கில் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் காசு. மற்றதெல்லாம் போக்குவரத்து.

இப்போது நம் பக்கம் வருவோம். 1832 வாக்கில் சேலம், மதுரைச் சீமைகளுக்குத் திராட்சையைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் என்று வேளாண் நூல்கள் சொல்கின்றன. திண்டுக்கல் அன்று மதுரைச் சீமையில்தான் இருந்தது. இன்றைக்குச் சிறுமலை மேற்கு அடிவாரத்தில் வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி, கொடைரோடு பக்கமெல்லாம் பன்னீர் திராட்சை விளைகிறது. வேளாண்துறைக்காரர்கள் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் பெரிய அளவில் விளைகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பர்கண்டியில் ஒரு ஹெக்டேரில் சுமார் 10,000 கொடிகளை நெருக்கி நட்டு, இடுப்பளவுக்குக் கம்பியில் படர விடுகிறார்கள். சைக்கிளில் போகிறவர் தோட்டத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். நம்மூரில் கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பிப் பந்தல். இறங்கி, குனிந்து உள்ளே போனால்தான் தோட்டம் தெரியும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே பச்சை நிழல், முகத்துக்கு நேரே கருநீலக் கொத்துகள், பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம். விரலால் தொட்டால் அது அழிந்துவிடும், அழிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். அதனால் கொத்தைக் காம்பில் பிடித்துத்தான் அறுப்பார்கள். அங்கே வருஷத்துக்கு ஒரே அறுப்பு, பெரும்பாலும் செப்டம்பரில். இங்கே கவாத்து வெட்டி நாலு மாதத்தில் பழம், கம்பத்தில் வருஷம் முழுக்க ஏதாவதொரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும். சீசன் பார்த்துப் போக வேண்டிய கட்டாயம் வெள்ளைக்காரனுக்குத்தான்.

தமிழ்நாட்டில் சைக்கிள் பயணம் புதிதில்லை. 2008 முதல் நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் இருக்கிறது. அது மலையேறத் தொடையில் வலு உள்ளவர்களுக்கு. நான் சொல்வது ஐம்பது வயதுக்காரரும் மனைவியும் சேர்ந்து போகக்கூடிய பயணம். அதற்குச் சாணார்பட்டியிலிருந்தே ஒரு தடம் போடலாம். நத்தம் சாலையில் லாரியும் பஸ்ஸும் பறக்கும், கூடியவரை அதை விட்டுவிட்டு ஊர்ச்சாலைகளிலேயே திண்டுக்கல்லைச் சுற்றி, சிறுமலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வெள்ளோடு போக வேண்டும். கத்தோலிக்கர்கள் நிறைய வாழும் ஊர். திராட்சையைப் பார்த்துவிட்டுச் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதைப் பார்க்கலாம், பக்கத்திலேயே காந்திகிராமம். இரண்டாம் நாள் விடியற்காலையில் கிளம்பினால் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலத்தைப் பிடித்துவிடலாம், ராத்திரி வத்தலக்குண்டு. மூன்றாம் நாள் தேவதானப்பட்டி, பெரியகுளம் மாந்தோப்புகள் வழியாகத் தேனி. நாலாம் நாள் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், சுருளிப்பட்டி. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பாய்கிற வயல்கள் இருபக்கமும் கூடவே வரும். எந்த நாளும் 50 கிலோமீட்டருக்குள் அடங்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உத்தமம். காலை ஐந்தரைக்கு மிதிக்கத் தொடங்கினால் பத்து மணிக்குள் நிழலில் உட்கார்ந்துவிடலாம்.

பெட்டி, பஞ்சர் சாமான், சோர்ந்த ஆள் எல்லாவற்றுக்கும் ஒரு குட்டியானை வண்டி போதும். கதவு திறக்கிற ஆள்தான் வேண்டும். உள்ளூரில் முகம் தெரிந்த ஒருவர் முந்தின நாளே தோட்டக்காரருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலியோரத்தில் நின்று, “யாரு வேணும்? எந்த ஊரு?” என்பதற்குப் பதில் சொல்லியே பொழுது போய்விடும். சொல்லிவிட்டுப் போனால் அவரே உள்ளே கூப்பிட்டு, “நேத்துதான் மருந்தடிச்சோம், இந்தப் பக்கத்துப் பழத்த வாயில வைக்காதீங்க தம்பி, அந்தக் கடைசிப் பந்தலுக்கு வாங்க” என்று காட்டுவார். இதைச் செய்து கொடுக்கிறவருக்குக் கூலி கொடுக்கத் தயங்கக்கூடாது. தோட்டக்காரரிடம் இரண்டு கிலோவாவது விலை கொடுத்து வாங்குவதுதான் மரியாதை.

பிரான்சுக்கே போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அங்கே வண்டி ஓடுவது வலப்பக்கம், முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். கிராமத்தில் மதியம் 12 முதல் 2 வரை கடைகள் மூடிவிடும். ஒயினை நாலு இடத்தில் ருசி பார்க்கிறவர் துப்பாமல் விழுங்கினால் சிக்கல்தான். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற மதுவரம்பு காருக்குப் போலவே சைக்கிளுக்கும் பொருந்தும், பிடித்தால் அபராதம். பன்னீர் திராட்சையில் அந்தத் தொந்தரவு கிடையாது, எத்தனை கொத்து தின்றாலும் சுருளிப்பட்டி வரை தாராளமாக மிதிக்கலாம்.