வெட்டு மேசையில் தொடங்கும் தையல் அறை

ஒரு லைனிங் ரவிக்கை முடிவதற்குள் நடக்கும் வேலைகளில் மெஷினில் உட்கார்ந்து தைப்பது ஒரு பங்குதான். துணியை நனைத்துக் காயவைப்பது, கோடு போடுவது, வெட்டுவது, தேய்ப்பது, ஹூக் கட்டுவது, ஹெம்மிங் போடுவது எல்லாம் மெஷினுக்கு வெளியே நடப்பவை. ஆனால் வீட்டில் தையலுக்கென்று இடம் ஒதுக்கும்போது மெஷினுக்கு ஒரு மூலை கிடைக்கிறது. வெட்டும் வேலை தரைக்குப் போய்விடுகிறது. தரையில் மண்டியிட்டு வெட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எட்டாத பக்கத்தில் கத்தரிக்கோல் கோட்டைவிட்டு விலகுகிறது. அப்படி விலகிய கைக்குழியை எந்த மெஷினும் சரிசெய்யாது. அதனால் அறையின் திட்டம் வெட்டு மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நின்றபடி கையை மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் வருகிறதோ, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேசைப் பரப்பு இருப்பது வசதி. பெரும்பாலான பெண்களுக்கு இது 34 முதல் 36 அங்குலம் வரும். சாப்பாட்டு மேசையின் உயரம் ஏறக்குறைய 30 அங்குலம்தான். அதையே பயன்படுத்த வேண்டியிருந்தால் கால்களுக்கு அடியில் கனமான மரக்கட்டை கொடுத்து, ஆடாமல் உயர்த்திக்கொள்ளலாம். 5 அடி நீளம், 3 அடி அகலம் இருந்தால் வீட்டுத் தையலுக்குப் போதும். 44 அங்குலப் பன்னா துணியை நீளவாக்கில் மடித்தால் 22 அங்குலம். 58 அங்குலப் பன்னாவை மடித்தாலும் 29 அங்குலம்தான் வரும். சுடிதார் டாப்பை முழுநீளத்துக்கு விரித்துவிடலாம். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் மூன்று பக்கமும் நடந்துவர இடம் விடுவது நல்லது. துணியைத் திருப்புவதைவிட ஆள் சுற்றிவந்து வெட்டினால் மடிப்பு கலையாது. இடமே இல்லாத அடுக்குமாடி வீட்டில் சுவரில் கீல் வைத்துப் பொருத்திய மடக்குப் பலகை கைகொடுக்கும்.

மேசையின் மேற்பரப்பு வழவழவென்று சன்மைக்காவாக இருந்தால் ஷிஃபானும் சில்க்கும் வழுக்கி ஓடும். பழைய பருத்திப் போர்வை ஒன்றை இழுத்துக் கட்டி, அதன்மேல் விரித்தால் துணி அப்படியே பிடித்து நிற்கும். இரண்டு அடுக்கும் ஒன்றாக வெட்டுப்படும். முன்கழுத்தில் கால் அங்குல வித்தியாசம் வந்து ரவிக்கையைப் பிரித்துத் தைக்கும் தொல்லை பெருமளவு இதிலேயே குறைந்துவிடும். மேசை விளிம்பில் ஒரு இஞ்ச் டேப்பை ஒட்டிவைத்தால் துணி வந்ததும் அளந்து, குறைகிறதா என்று அப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்தது வெளிச்சம். தையல் மெஷினின் தூண் வலப்பக்கம், ஊசி அதற்கு இடப்பக்கம். ஜன்னல் தைப்பவரின் இடப்பக்கம் அமைந்தால் ஊசி விழும் இடத்தில் கையின் நிழலும் தூணின் நிழலும் விழாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் தலையின் நிழலிலேயே தைக்க வேண்டியிருக்கும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரிக்கும்போதுதான் இதன் அருமை முழுதாகப் புரியும். மாலை வேலைக்கு டியூப்லைட்டோடு, காந்தத்தால் மெஷினிலேயே ஒட்டிக்கொள்ளும் சின்ன எல்இடி விளக்கும் வேண்டும். நூல் நிறம் பொருத்துவதை மட்டும் பகல் வெளிச்சத்தில் செய்துவிடுவது நல்லது. மஞ்சள் விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்த அரக்கும் மெரூனும் வெயிலில் வேறுவேறாகிவிடும்.

மெஷினைப் பொறுத்தவரை, சொந்தத் தேவைக்கும் அக்கம்பக்கத்து ஆர்டருக்கும் மோட்டார் மாட்டிய கால்மிதி மெஷினே போதும். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் தையல் மெஷின் இலவசமாகக் கிடைக்கிறது. 2023இல் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் தையல்காரர்களும் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி பெறலாம். பவர் மெஷின் வாங்குவோர் சர்வோ மோட்டாராகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார், தைக்காதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும்; மின்சாரமும் வீண், இரைச்சலும் ஓயாது. மாடி வீடென்றால் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைக்காவிட்டால் அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகும். தைத்த துணி இடப்பக்கமும் பின்பக்கமும் சரிவதால் அங்கே இரண்டடியாவது காலியாக இருக்கட்டும்.

புடவைக்கு ஃபால் தைத்து பீக்கோ அடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஐந்தரை மீட்டர் பட்டுப்புடவை மெஷினிலிருந்து தரைக்கு இறங்கும். கீழே சுத்தமான வெள்ளைத் துணி விரித்திருக்க வேண்டும். மெஷினுக்கு இரவில் எண்ணெய் விட்டு, காலையில் கழிவுத் துணியில் நாலு வரி ஓட்டிய பிறகே நல்ல துணியைக் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டில் ஏறினால் பதில் சொல்லி மாளாது.

தேய்க்கும் இடம் வெட்டு மேசைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அமையட்டும். 1000 வாட் சாதாரண அயர்ன் பாக்ஸை 6 ஆம்பியர் பிளக் தாங்கும். 2000 வாட் ஸ்டீம் அயர்னுக்கு 16 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும். மெஷினுக்கும் அயர்னுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இணைப்புக் கொடுப்பது ஆபத்து. சீலிங் ஃபேன் ஓடினால் வெட்டிய துண்டுகள் பறக்கும். காற்று காலளவில் வீசும்படி தாழ்வான ஃபேன் வைத்தால் வியர்வையும் அடங்கும், துண்டும் அசையாது.

ஆர்டர் எடுப்பவர்களுக்கு ஒவ்வொருவரின் துணி, லைனிங், அளவு ரவிக்கை மூன்றையும் சேர்த்து ஒரே பையில் போட்டு, பெயரும் கொடுக்கும் தேதியும் எழுதிய சீட்டைக் குத்திவைக்கும் பழக்கம் வேண்டும். தேதி வரிசையில் பைகளைத் தொங்கவிட ஒரு கம்பி போதும். தீபாவளி நெருக்கத்தில் அளவு ரவிக்கை மாறிப்போனால் இரண்டு வாடிக்கையாளர்களின் துணி கெடும். பீரோவைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் மழைக்கால ஈரம் பட்டுத்துணியில் ஏறாது. போட்டுப் பார்க்க, திரைபோட்ட ஒரு மூலையும் ஆளுயரக் கண்ணாடியும் இருந்தால் திருத்தத்தை அங்கேயே குறித்துக்கொள்ளலாம். குழந்தைகள் தவழும் வீட்டில் கத்தரிக்கோல் பூட்டுக்குள் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் தரையில் ஒரு காந்தத்தை ஓட்டி, சிதறிய குண்டூசிகளைப் பொறுக்கிவிட வேண்டும்.