பழுது பார்க்கத்தானே சொன்னோம்?

விண்டோஸ் கணினியில் அப்டேட் நடக்கும்போது திரையில் ஒரு சதவீதக் கணக்கு ஓடும். முப்பதில் வந்து நிற்கும், பிறகு நகராது; கணினியை அணைக்காதீர்கள் என்று கீழே எழுதியிருக்கும். கடையில் பில் போட வேண்டியவரும், நள்ளிரவுக்குள் ப்ராஜெக்ட் அனுப்ப வேண்டிய மாணவியும் அதன்முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலின் மேல் வேறொன்றை எழுத விண்டோஸ் பொதுவாக விடுவதில்லை. அதன் அடிப்படை ஃபைல்களோ, கணினி ஓடும் நேரமெல்லாம் ஏதாவது ஒரு புரோகிராமின் பிடியில்தான் இருக்கும். ஆகவே அப்டேட், புதிய ஃபைல்களைக் கொண்டுவந்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தமுறை கணினி எழும்போது எதை எங்கே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியலை எழுதிவைக்கிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது, நாம் பாஸ்வேர்ட் போடுவதற்கு முன்பே, அந்த ஃபைல்களை யாரும் தொடாத சிறிய இடைவெளியில் பட்டியலில் உள்ள வேலை நடக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடக்கூடும். அதனால்தான் அந்த எச்சரிக்கை.

எல்லாக் கணினியும் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று இல்லை. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, அதன் உள்ளடக்கம் வேறு. வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினாலும் உள்ளே குடியிருப்பவர் காலி செய்யும்வரை இருக்கலாம் என்பதுபோல, பழைய ஃபைலைப் பிடித்திருக்கும் புரோகிராம் தன் வேலை முடியும்வரை அதை வைத்துக்கொள்ளும். அதற்குப் பின் திறக்கும் புரோகிராமுக்குப் புதிய ஃபைல் கிடைக்கும். ஆனால் பழையதோடு ஓடும் புரோகிராமில் பழைய பாதுகாப்பு ஓட்டையும் இருக்கத்தான் செய்யும். இயங்குதளத்தின் மையமான கெர்னலை மாற்றினால் லினக்ஸையும் வழக்கமாக ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். கூகுளின் குரோம் ஓஎஸ்ஸும், 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-உம் இன்னொரு வழியைப் பிடித்தன. சேமிப்பிடத்தில் இயங்குதளத்துக்கென்று இரண்டு பகுதிகள்: ஒன்றில் ஃபோன் ஓடும், மற்றதில் புதிய பதிப்பு சத்தமில்லாமல் எழுதப்படும். அடுத்த ரீஸ்டார்ட்டில் புதியதற்கு மாறும்; புதியது எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடும். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட்டும் 2025 ஏப்ரலில் விண்டோஸ் 11-இன் நிறுவனப் பதிப்புக்கு ஹாட்பேட்ச் வசதியைக் கொண்டுவந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தில் பழுதைத் திருத்தும் முறை இது. மூன்று மாதத்துக்கு ஒரு ரீஸ்டார்ட் போதும். வீட்டுப் பதிப்புக்கு அதைத் தரவில்லை. யாருக்குத் தந்தார்கள், யாருக்குத் தரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு தொல்லை என்றால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. 2017 மார்ச் 14 அன்று, விண்டோஸின் ஃபைல் பகிர்வுப் பகுதியில் இருந்த ஒரு ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியானது. சரியாக 59 நாள் கழித்து, மே 12 அன்று, வானாக்ரை என்ற புழு அதே ஓட்டை வழியாக நுழைந்தது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை; பேட்ச் போடாத கணினி நெட்வொர்க்கில் இருந்தாலே போதும். 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவர் சந்திப்புகள் ரத்தாயின. பேட்ச் வெளியாகும்போதே ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் கிட்டத்தட்ட வெளியாகிவிடுகிறது. பழைய ஃபைலையும் புதியதையும் ஒப்பிட்டால் தாக்குபவருக்கு வழி தெரிந்துவிடும். எனவே பேட்ச் வந்த மறுநாளிலிருந்து அதைப் போடாதவருக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. அது தானாகவே, தாமதமில்லாமல் வந்து சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் மக்கள் ஏன் அதை வெறுக்கிறார்கள்? பழுதுபார்ப்போடு சேர்த்து, கேட்காத வேறொன்றையும் அதே மூட்டையில் கட்டி அனுப்புகிறார்கள் என்பதால்தான். 2016 பிப்ரவரியில் விண்டோஸ் 10-ஐ, விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்குப் ‘பரிந்துரைக்கப்படும்’ அப்டேட்களின் வரிசையில் சேர்த்தது மைக்ரோசாஃப்ட். ஒரு கட்டத்தில், அறிவிப்புப் பெட்டியின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தேவிடும் என்று வைத்தார்கள். வேண்டாம் என்பதற்கு உலகம் முழுவதும் பழகிய சைகையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். கேட்காமலே நடந்த மாற்றத்தால் தொழில் முடங்கியது என்று வழக்குத் தொடுத்த கலிஃபோர்னியாக்காரர் ஒருவருக்கு 10,000 டாலர் கிடைத்தது. 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் இன்னும் மோசம்: டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலரின் பழைய ஃபோல்டர்களை, உள்ளே இருந்த ஃபைல்களோடு சேர்த்து அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கப்போய் நடந்த விபத்து அல்ல இது. புது வசதிகளைக் கொண்டுவந்த பதிப்பில் நடந்தது. இப்படி ஒருமுறை அடிபட்டவர் அடுத்த அப்டேட்டை நிறுத்திவைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் நிறுத்துவது பாதுகாப்பையும் சேர்த்துத்தான். மக்களின் நம்பிக்கை கெட்டால் பாதுகாப்பும் கெடுகிறது என்பதே இந்த மூட்டையின் உண்மையான சேதம்.

பாதுகாப்புத் திருத்தம், புது வசதி இரண்டையும் பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்வார்கள். அதற்கு வலுவான காரணமும் வைத்திருக்கிறார்கள். 2016 அக்டோபருக்கு முன் விண்டோஸ் 7-இல் ஒவ்வொரு பேட்சையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். பத்து பேட்ச் இருந்தால், போடுவதும் விடுவதுமாக 1,024 வகைக் கணினிகள் உருவாகலாம். அத்தனையிலும் சோதித்துப் பார்ப்பது நடக்காத காரியம். எல்லோரும் ஒரே நிலையில் இருந்தால்தான் சோதனைக்கு அர்த்தம் என்று சொல்லி மாதாந்தரத் தொகுப்பு முறைக்கு மாறினார்கள். இந்த வாதம் நியாயமானது. ஆனால் அது காட்டுவது, பேட்ச்களைச் சில்லறையாக உடைக்கக் கூடாது என்பதை மட்டுமே. பாதுகாப்புத் தொகுப்பு ஒன்று, வசதிகளின் தொகுப்பு ஒன்று என இரண்டே பாதைகள் வைத்தால் கணக்கு இப்படிப் பெருகாது. அதே 2016 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கொண்ட தனித் தொகுப்பையும் வெளியிட்டது. ஆனால் அது நிறுவனங்களுக்காக. வீட்டுக் கணினிகள் பயன்படுத்தும் விண்டோஸ் அப்டேட் வழியாக அது வரவில்லை. விண்டோஸ் 10-இலேயே எல்டிஎஸ்பி, பிறகு எல்டிஎஸ்சி என்ற பதிப்புகள் உண்டு. மருத்துவக் கருவிகள், ஏடிஎம்கள் போன்றவற்றை மனத்தில் வைத்துச் செய்தவை. புது வசதிகள் வராது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 2016-இன் பதிப்புக்கு 2026 அக்டோபர் வரை. தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் லினக்ஸும் நிலையான பதிப்பு வெளியானபின் அதில் பெரும்பாலும் திருத்தங்களையே சேர்க்கிறது. புதுமைகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கின்றன. முடியாது என்று சொல்லப்படுவது, பேரம் பேசும் பலம் உள்ளவருக்கு ஏற்கெனவே விற்கப்படுகிறது.

இன்னொரு மறுப்பை எளிதாகத் தள்ள முடியாது: தானாக வரும் பாதுகாப்புத் திருத்தமே கணினியை வீழ்த்தலாம் என்பது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய ஃபைல், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் தருவது பாதுகாப்பு மென்பொருள்; அந்த ஃபைலும் தானாக வந்த அப்டேட்தான். புதிய ஃபைல் 21 தகவல்களைப் பார்க்கச் சொன்னது; நிரலிடம் இருந்தவை 20 மட்டுமே. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப்போன நிரல், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டது. அது கெர்னலுக்குள் ஓடியதால் கணினியே விழுந்தது. 78 நிமிடத்தில் ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாக, சேஃப் மோடில் ஏற்றி, கையால் அந்த ஃபைலை நீக்கித்தான் மீட்க வேண்டியிருந்தது. எனவே பாதுகாப்புத் திருத்தம் என்றால் ஆபத்தில்லாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சேதத்தைப் பெருக்கியது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதுதான். முதலில் நூறில் ஒருவருக்கு அனுப்பி, சில மணி நேரம் பார்த்து, பிறகு விரிவாக்குவது வெகுகாலமாகத் தெரிந்த முறை. கிரவுட்ஸ்ட்ரைக்கும் அதன்பின் இத்தகைய ஃபைல்களைப் படிப்படியாக அனுப்புவதாக அறிவித்தது. தன் முந்தைய நிலைக்குத் தானே திரும்பத் தெரிந்த இயங்குதளமும் சேர்ந்தால், அவசரமாகத் திருத்துவதும் பத்திரமாக இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்க வேண்டியதில்லை.

நிறுவனங்கள் தாமாக மாறும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகள், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் அல்லது புதிய பிராசஸர் இல்லாததால் மாற முடியாமல் நிற்கின்றன. வீட்டுப் பயனருக்கு ஓராண்டு நீட்டிப்பு தந்தார்கள். நிறுவனங்கள் பணம் கட்டினால் மூன்றாண்டு. ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் பக்கம் போயிருக்கிறது. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த அதன் சைபர் மீள்திறன் சட்டம், பாதுகாப்புத் திருத்தங்களைத் தொழில்நுட்ப ரீதியில் இயலும் இடங்களிலெல்லாம் வசதி மாற்றங்களிலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்று சொல்கிறது. பொருத்தமான பொருள்களில் திருத்தங்கள் தானாகவே வர வேண்டும், பயனர் தற்காலிகமாகத் தள்ளிவைக்கவும் எளிதான வழி வேண்டும் என்றும் கேட்கிறது. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகின்றன. ‘இயலும் இடங்களில்’ என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டு நிறுவனங்கள் வாதாடப் பார்க்கும். அப்படி வாதாட வருபவர்கள், பெரிய வாடிக்கையாளர்களுக்குப் பத்தாண்டாக அதையே செய்துகொடுத்ததற்கு முதலில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.