மூலையில் இரண்டு கால்கள்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மழைக்கு நூலகத்தில் ஒதுங்கியபோது ஒரு புத்தகத்தில் கண்ணில் பட்ட படம் இது. பெயர் 'இக்காரஸின் வீழ்ச்சி'. 16ஆம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகல் அமைத்த காட்சி. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது அதன் பிரதியாக இருக்கலாம் என்கிறார்கள். அளவு 73.5 × 112 செ.மீ. நம்ம ஏ0 ஷீட்டைவிடக் கொஞ்சம் சின்னது.

கதை கிரேக்கப் புராணம். டேடலஸ் அந்தக் காலத்து இன்ஜினியர். கிரீட் தீவிலிருந்து தப்பிக்க, இறகும் மெழுகும் சேர்த்துத் தனக்கும் மகன் இக்காரஸுக்கும் சிறகு செய்தான். "ரொம்ப மேலே போகாதே" என்று எச்சரித்தும் மகன் கேட்கவில்லை. வெயிலில் மெழுகு உருகி, கடலில் விழுந்தான்.

படத்தில் அவனைத் தேடிப் பாருங்கள், சட்டென்று கிடைக்கமாட்டான். முன்னால் பெரிதாக, சிவப்புச் சட்டைக் கை பளிச்சிட, ஓர் உழவன். அவனுக்குக் கீழே ஆடு மேய்ப்பவன், வேறு பக்கமாக அண்ணாந்து நிற்கிறான். கரையோரம் தூண்டில்காரன். பாய் விரித்துப் போகும் கப்பல். இக்காரஸ் எங்கே? வலது கீழ் மூலையில், நாம டைட்டில் பிளாக் போடுகிற இடத்தில், தண்ணீருக்கு மேலே இரண்டு கால். அவ்வளவுதான்!

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில் உழவனும் இடையனும் தூண்டில்காரனும் பறப்பவர்களைப் பார்த்து வியப்பார்கள். புரூகல் அதை மாற்றிவிட்டார். விழுந்தவனை ஒருத்தரும் பார்க்கலை. அன்றாட வேலை பெரிது, ஒருவனின் சாவு சிறிது. உருவங்களின் அளவிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

தூண்டில்காரன் பக்கத்துக் கிளையில் ஒரு கௌதாரி. அதுவும் சும்மா இல்லை. டேடலஸிடம் தொழில் பழகிய சகோதரி மகன், மீன் முள்ளைப் பார்த்து ரம்பம் கண்டுபிடித்தவன். பொறாமையில் மாமனே அவனை உயரத்திலிருந்து தள்ளிவிட, தெய்வம் அவனைக் கௌதாரியாக்கிக் காப்பாற்றியதாம். நாம ஹேக்ஸா பிடிக்கும்போது நினைக்க வேண்டிய கதை!

முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் என் பக்கத்து வைஸில் ஒருவன் நின்றான. அரியர் ஏறியது, பீஸ் கட்ட வழியில்லை. ஒருநாள் வரவில்லை. நான் ஃபைல் பண்ணி, டிரை ஸ்கொயர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நின்றுவிட்டது எனக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆனது.

உழவன் கெட்டவனில்லை, வேலையில் இருந்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். நண்பர்களே, வேலையைப் பாருங்கள். நடுவில் ஒருமுறை அந்த மூலையையும் பாருங்கள்.