உறக்கமும் விழிப்பும் கலக்கும் நிலை: உறக்க முடக்கத்தின் உடலியலும் உளவியலும்

திறவுச்சொற்கள்: உறக்க முடக்கம், விரைவிழியசைவு உறக்கம், மூளைத்தண்டு, மாயக்காட்சி.

முன்னுரை

உறக்கத்திலிருந்து விழிக்கும் வேளையில் கண் திறந்திருந்தும் கை கால்களை அசைக்க இயலாமை, நெஞ்சின்மீது பாரம் அழுத்துதல், அறையில் யாரோ நிற்பதாக உணர்தல் ஆகியவை பலருக்கும் நேர்வனவாகும். இவ்வனுபவத்தைத் தமிழ் மக்கள் ‘அமுக்குவான் பேய்’ என்பர். ஜப்பானியர் ‘கனாசிபாரி’ என்பர். கனடாவின் நியூபவுண்ட்லாந்து மக்களோ கிழவியொருத்தி வந்து அழுத்துவதாகக் கூறுவர். தொடர்பற்ற நிலங்களில் ஒத்த அனுபவம் பதிவாகியிருப்பது அதன் உடலியல் அடிப்படையை ஆராயத் தூண்டுகின்றது. உறக்கத்தின் கூறுகள் தனித்தனியே இயங்கவல்லன என்பதை இதன்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரைவிழியசைவு உறக்கம்

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் ஆகியோர், உறக்கத்தினூடே விழிகள் விரைந்தசையும் காலப்பகுதிகளை 1953ஆம் ஆண்டு அறிவித்தனர். அப்போது எழுப்பப்பட்டோருள் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறினர். வளர்ந்தோரிடம் இந்நிலை ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை தோன்றும். மூளை அலைகள் விழிப்பை ஒத்திருக்க, உடல் மட்டும் தளர்ந்து கிடப்பதால் பிரெஞ்சு அறிஞர் மிசேல் ஜூவே இதனை ‘முரண் உறக்கம்’ என்றார்.

தசைத் தளர்ச்சியும் அதன் பிறழ்வுகளும்

இந்நிலையில் மூளைத்தண்டிலிருந்து செல்லும் சமிக்ஞைகள், கிளைசின், காபா ஆகிய வேதிப்பொருள்களின்வழி இயக்க நரம்பணுக்களை அடக்குகின்றன. மூளைத்தண்டின் குறிப்பிட்ட பகுதி சிதைக்கப்பட்ட பூனைகள் உறங்கியபடியே எழுந்து தாக்குவனபோல் நடந்துகொண்டதை ஜூவே கண்டார். மனிதரிடமும் இத்தகைய கோளாறு 1986இல் விவரிக்கப்பட்டது. அதில் தசைத் தளர்ச்சி நீங்கிவிடக் கனவு தொடர்கின்றது. உறக்க முடக்கம் இதற்கு நேர்மாறானது: விழிப்புணர்வு திரும்பிய பின்னரும் தசைத் தளர்ச்சி நீடிக்கின்றது, கனவுக் காட்சிகள் கண்முன் உள்ள அறையோடு கலக்கின்றன. உதரவிதானம் இயங்குவதால் மூச்சு நிற்பதில்லை. ஆயினும் விரும்பியவாறு ஆழ்ந்து மூச்சிழுக்க இயலாமை நெஞ்சழுத்தமாக உணரப்படுகின்றது.

உளவியல் நோக்கு

உறக்கமின்மை, ஒழுங்கற்ற உறக்க நேரம், மல்லாந்து படுத்தல் ஆகியன இந்நிலையோடு தொடர்புடையன. பேய் என்னும் நம்பிக்கை அச்சத்தை மிகுவிக்கக்கூடும். அச்சத்தால் உறக்கம் கெட, அதுவே முடக்கம் மீண்டும் நேர வழிவகுக்கலாம். மறுபுறம், உருவம் கண்டதாகக் கூறுவோரை மனச்சிதைவு உடையோராகக் கருதிவிடும் இடரும் உண்டு. இக்காட்சிகள் உறக்கத்தின் விளிம்பில் மட்டும் தோன்றிச் சில நிமிடங்களுக்குள் மறைவன என்பதே வேறுபடுத்தும் குறிப்பாகும். பகலில் அடக்கவியலா உறக்கமும், சிரிக்கும்போது திடீர்த் தசைத்தளர்வும் சேர்ந்திருப்பின் நார்கோலெப்சி என்னும் நோயா என ஆராய்தல் வேண்டும்.

முடிவுரை

விழிப்புணர்வு, கனவு, தசை இயக்கம் ஆகியவை பெரும்பாலும் ஒருங்கே மாறுவதால் உறக்கம் ஒற்றை நிலையாகத் தோன்றுகின்றது. அவை பிரிந்து இயங்கும்போது உறக்க முடக்கம் நேர்கின்றது. எனவே இவ்வனுபவத்தைக் கூறுவோரின் சொல் பொய்யன்று. அவர்கள் உணர்ந்தது மெய்யே. அதற்கான காரணம் அவர்தம் மூளையின் இயக்கத்தில் உள்ளது என்பதை எடுத்துரைப்பதே அச்சத்தைத் தணிக்கும் முதற்படியாகும்.