நடுக்கடலில் கொதிக்கும் என்ஜின்

கடலில் போய்க்கொண்டிருக்கும் படகின் என்ஜின் சூடேறத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் மாறுவது சத்தம்தான். புகையும் தண்ணீரும் கலந்து வெளியே கொட்டும் படகுகளில் வழக்கமான ‘சளப் சளப்’ ஓசை அடங்கி, வறண்ட இரைச்சல் ஒன்று கிளம்பும். பின்புறம் எட்டிப் பார்த்தால் கொட்டும் தண்ணீர் நூலாகச் சுருங்கியிருக்கும். வெள்ளை ஆவி பறக்கும். வெப்பத்தைக் காட்டும் முள் அதற்குப் பிறகுதான் ஏறும். அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் முள்ளைவிடக் காதை நம்புவது இதனால்தான்.

டீசல் என்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 விழுக்காடு வரைதான் படகைத் தள்ளும் வேலைக்குப் போகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். இன்னொரு பகுதியைத் தண்ணீர்தான் இடைவிடாமல் சுமந்து வெளியேற்ற வேண்டும். லாரிக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது, எதிர்க்காற்று இருக்கிறது. படகுக்குள் அடைபட்ட என்ஜினுக்கோ கடல்நீரை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் உப்புநீரை நேராக என்ஜினுக்குள் சுழலவிட்டால் வேறு தொல்லை வருகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக, அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகள் பிரிந்து உட்சுவரில் படியும். அதனால்தான் கடல்நீரால் நேரடியாகக் குளிரும் என்ஜின்களைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஓடும்படி அமைக்கிறார்கள். மற்றவற்றில் இரண்டு சுற்றுகள் உண்டு. உள்ளே நன்னீரும் கூலன்ட்டும் கலந்த திரவம் 80, 90 டிகிரியில் சுழலும். அதன் வெப்பத்தை ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற குழாய்க்கூட்டில் கடல்நீர் வாங்கிக்கொள்ளும். இரண்டும் அருகருகே ஓடும், கலக்காது.

கோளாறைக் கண்டுபிடிக்க இந்தக் கடல்நீரின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். படகின் அடியில் உள்ள துளை, அதன் வால்வு, வடிகட்டி, பம்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடைசியாகப் புகைக்குழாயின் முழங்கை. தண்ணீர் எங்கே நின்றதோ, நோய் அங்கே இருக்கிறது.

திடீரென்று சூடேறினால் முதல் சந்தேகம் அடித்துளையின் மேல் விழ வேண்டும். பிளாஸ்டிக் பை ஒன்று ஒட்டிக்கொண்டாலே தண்ணீர் நின்றுவிடும். பாசி, கொட்டலசு, சொறிமீன் எல்லாம் இதே வேலையைச் செய்யும். சொறிமீனைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2013-ல் ஸ்வீடனின் ஆஸ்கர்ஷாம் அணுமின் நிலையத்தில் குளிர்நீர்க் குழாயை அது கூட்டமாக வந்து அடைத்ததால் ஓர் உலையையே நிறுத்த நேர்ந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் சொறிமீன் வரத்து பழகிய தலைவலிதான். அத்தனை பெரிய குழாய்க்கே இந்தக் கதி என்றால், படகின் சிறு துளை எம்மாத்திரம்?

அடுத்தது வடிகட்டி. குப்பையை எடுத்துவிட்டு மூடியை அவசரமாகத் திருகினால் அதன் வளையம் சரியாக உட்காராது. அந்த இடைவெளி வழியே பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது.

பல கடல் என்ஜின்களின் பம்புக்குள் இருப்பது ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர். அதற்குக் கடல்நீரே மசகு. தண்ணீர் வராமல் சுழன்றால் மிகச் சீக்கிரத்தில் உரசிச் சூடாகிக் கிழிந்துவிடும். புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. பழையதில் எத்தனை இதழ்கள் உடைந்தனவோ அத்தனை துண்டுகளும் கைக்கு வர வேண்டும். வராத துண்டு தண்ணீரோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருக்கும். சில வாரம் கழித்து அதே என்ஜின் மறுபடி சூடேறும். பழி புதிய இம்பெல்லர் மேல் விழும்.

பின்னால் தண்ணீர் தாராளமாகக் கொட்டுகிறது, ஆனாலும் சூடு ஏறுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் உள்சுற்றில் இருக்கும். கூலன்ட் குறைந்திருக்கலாம், அந்தச் சுற்றின் பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம், சூடானதும் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்தால், அது திறக்கிறதா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். கூலன்ட் தொட்டியில் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து, வேகமெடுத்தால் மட்டும் சூடாகும் என்ஜின் இன்னொரு ரகம். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் படிந்த உப்பு, உறிஞ்சும்போது உள்ளே சப்பையாகிவிடும் பழைய ஹோஸ், துருவேறிக் குறுகிய முழங்கை ஆகியவை இப்படித்தான் காட்டும். தண்ணீரில் குறையே இல்லாமலும் இது நடக்கலாம். படகைத் தள்ளும் விசிறியில் வலைக்கயிறு சுற்றியிருந்தாலோ, அடிப்பலகை முழுக்கக் கொட்டலசு பிடித்திருந்தாலோ என்ஜின் தன் சக்திக்கு மீறி உழைத்துக் கொதிக்கும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் பென்சில் போல ஒரு துத்தநாகத் துண்டு இருக்கும். செம்புக் குழாய்க்குப் பதிலாகத் தான் அரிபடுவதே அதன் வேலை. இந்த உத்திக்கு 200 வயது. 1824-ல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் பொருத்திப் பார்த்தார். செம்பு அரிபடாமல் தப்பியது. ஆனால் கடலுயிர்கள் தகட்டில் அப்பிக்கொண்டன. அவற்றை அதுவரை விரட்டி வந்ததே கரைந்துகொண்டிருந்த செம்புதான். குழாய்க்கூட்டுக்குள் அந்த உத்தி இன்றும் பயன்படுகிறது. துண்டு பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும். உடைந்து விழுந்தால் அதுவே ஓர் அடைப்பு.

நடுக்கடலில் சூடேறும்போது செய்யக் கூடாதவை இரண்டு. கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரியையும் தாண்டிய திரவம் இருக்கும். மூடி கழன்ற கணத்தில் முகத்தில் பீய்ச்சும். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது. ஹெட் விரிசல் விடலாம். வெளியே தண்ணீர் வந்துகொண்டிருந்தால் வேகத்தைக் குறைத்துச் சில நிமிடம் நிதானமாக ஓடவிட்டு ஆறவைக்கலாம். தண்ணீர் நின்றிருந்தால் உடனே அணைக்க வேண்டும். கரையோ பாறையோ அருகில் என்றால் நங்கூரம் கையோடு தயாராக இருக்க வேண்டும்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் பெருக விடப்படும் இந்த இடைவெளிதான் என்ஜினுக்கும் வைத்தியக் காலம். அடிப்பலகையைச் சுரண்டுவதோடு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைக் கழற்றிக் குழாய்களைச் சுத்தம் செய்யலாம். துத்தநாகம், ஹோஸ், இம்பெல்லர், பெல்ட் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஒரு இம்பெல்லரும் பெல்ட்டும் கேஸ்கட்டும் படகிலேயே ஒரு பெட்டியில் கூடுதலாக இருக்கட்டும். தடை முடிந்து என்ஜினைக் கிளப்பியதும், கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் ஒருவர் பின்புறம் குனிந்து தண்ணீர் கொட்டுகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும்.